எந்த நூறு ரூபாய்க்கு 96?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்லைன் சூதாட்டத்தில் கடன்பட்டு நொந்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படிக்கிறோம். அவர்களை உள்ளே இழுக்கும் சதவீதக் கணக்கை விளக்கி எழுதுபவர் குறைவு. தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பை ஓட்டுகிறான் என் பழைய மாணவன் ஒருவன். போன வாரம் குமுளி டீக்கடையில் போனில் ஒரு சூதாட்டத் தளத்தைக் காட்டினான். "சார், 96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்னு அவனே போட்டிருக்கான். நூறு ரூபா போட்டா நாலு ரூபாதானே போகும்?"

அந்த 96, கையிலிருந்து கட்டும் பணத்துக்கு உள்ளதல்ல. ஒவ்வொரு பந்தயத்துக்கும் உள்ளது. ஸ்லாட் என்னும், படங்கள் சுழன்று நிற்கும் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 10 ரூபாய், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 600 சுற்று, அதாவது 6,000 ரூபாய்ப் பந்தயம். அதில் 4 சதவீதம், 240 ரூபாய். கையில் 500 ரூபாயோடு உட்கார்ந்தவனுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

அதுவும் சராசரிதான். கோடிக்கணக்கான சுற்றுகளை மொத்தமாகக் கூட்டி வகுத்தால் வரும் எண் அது. எப்போதோ யாருக்கோ விழும் பெரிய பரிசும் அதற்குள் அடக்கம். அது விழாத மற்றவர்களுக்கு 96-ம் கிடைக்காது. "இவ்வளவு நேரம் வரல, இனி வந்தே தீரும்" என்று அவன் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது. முந்தின சுற்றில் தோற்றதற்கும் அடுத்த சுற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ரூலெட் என்னும் எண் சக்கர ஆட்டத்திலாவது கணக்கு கண்ணுக்குத் தெரியும். 37 கட்டம், ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் போட்ட பணத்தோடு சேர்த்து 36 மடங்கு. ஆக 97.3 சதவீதம். இரண்டு பூஜ்ஜியம் உள்ள சக்கரத்தில் 38 கட்டம்; 94.7 ஆகிவிடும். ஸ்லாட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆடுபவனுக்குத் தெரியாது. ஒரே விளையாட்டை 96, 94 என்று வெவ்வேறு சதவீதத்தில் தயாரிப்பாளர்கள் தருவதுண்டு. எதைப் போடுவது என்பது தளம் நடத்துபவர் விருப்பம்.

எங்கள் ஊரில் கேரள லாட்டரி வாங்காதவர்கள் குறைவு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதில் மதியம் மூன்று மணிக்குக் குலுக்கல் முடிந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். போனில் ஆறு விநாடிக்கு ஒரு குலுக்கல்! சதவீதத்தைவிட இந்த வேகம்தான் பையன்களைச் சாய்க்கிறது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்கள் போட்டிருக்கும் 96 நிஜம்தானா என்று இங்கே யார் போய்ச் சோதிப்பது?

மாணவர் பக்கத்தில் இந்தக் கணக்கை ஒருமுறை கட்டம் கட்டி வெளியிடுங்கள். வெட்டியெடுத்து வகுப்பில் ஒட்டிவைக்கிறேன். ஜீப் ஸ்டாண்டிலும் ஒன்று ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்.