“திரும்பிப் பார்” என்றால் மட்டும் போதுமா?

சிங்கப்பூரில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். “பிளைண்ட் ஸ்பாட் பாத்தியா?” என்று ஒரு பாடத்துக்குள் எத்தனை முறை கேட்கிறீர்கள்! கேட்க வேண்டியதுதான்; கண்ணாடிகளில் தெரியாத அந்தப் பகுதியில், இரு தடங்களுக்கு நடுவே மோட்டார்சைக்கிள் நுழைந்து வரும் ஊர் இது. ஆனால் எப்படித் திரும்புவது என்பது பெரும்பாலும் மாணவர் போக்குக்கே விடப்படுகிறது.

பதற்றத்தில் அவர் தோள்களைத் தூக்கி, ஸ்டீயரிங்கை இறுக்கி, மோவாயை முன்னே நீட்டியபடி வெடுக்கென்று திரும்புகிறார். மோவாய் நீண்டால் கழுத்து சுழலும் அளவு குறையும். உட்கார்ந்த இடத்திலேயே மோவாயை நீட்டி ஒருமுறை, உள்ளிழுத்து ஒருமுறை திரும்பிப் பாருங்கள், தெரிந்துவிடும். குறைந்ததை ஈடுகட்ட உடம்பு முறுக்குகிறது, கூடவே கையும் போகிறது, கார் பக்கத்துத் தடத்தை நோக்கி நகர்கிறது. நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள்.

கழுத்துச் சுழற்சியில் ஏறத்தாழப் பாதி, மண்டையோட்டுக்குக் கீழுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையில் நடக்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது, வலக் காதின் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசையும் இடப்புறப் பின்கழுத்துத் தசையும் சேர்ந்து இழுக்கின்றன. முழுப் பாரத்தையும் அவற்றின்மேல் போட வேண்டாம். கழுத்து 60 பாகை, கண் 40 பாகை திரும்பினாலே பார்வை தோளைத் தாண்டிவிடும். எனவே முதலில் பக்கக் கண்ணாடி, அடுத்து கண், அதன்பின் மோவாய் தோளை நோக்கி. ஒரு விநாடிக்குள் முன்னே திரும்பிவிட வேண்டும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் கார் 25 மீட்டர் ஓடியிருக்கும்.

இதெல்லாம் இருக்கை சரியாக இருந்தால்தான். முதுகு ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். இருக்கை அதிகம் சாய்ந்திருந்தால் சாலையைப் பார்க்கத் தலை தானாக முன்னே வரும். இருக்கையின் மேலுள்ள தலைதாங்கியின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்தில், பின்தலைக்கு நெருக்கமாக இருக்கட்டும். உயரக் கொண்டையும் தலையை முன்னே தள்ளும். அதைத் தாழ்த்திப் போடச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

நாங்கள் கேட்பது முதல் பாடத்தில் பத்து நிமிடம். எஞ்சினை அணைத்துவிட்டு, இருபுறமும் ஐந்தைந்து முறை திரும்பச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். கழுத்து இறுகிய மூத்த மாணவர் மேல்முதுகையும் சேர்த்து மெல்லத் திருப்பலாம். வெடுக்கென்றால் இருக்கைவார் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது தலைசுற்றலோ கையில் மரத்துப்போதலோ இருப்பதாகச் சொன்னால் பாடத்தை அங்கேயே நிறுத்தி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கழுத்துவலிக்குச் சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர்கள் சிலர்