படப்பிடிப்புக் குப்பையை யூனிட்டே அள்ளிப்போக உத்தரவிடக் கோரி மனு

அனுப்புநர்: தடப்பள்ளி வாய்க்கால் பாசன விவசாயிகள், கோபிசெட்டிபாளையம் வட்டம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஈரோடு.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபி பக்கம் ஷூட்டிங் நடப்பது புதிதில்லை. வீட்டு வாடகை, சமையல் வேலை, வண்டி ஓட்டம் என்று நாலு பேருக்குக் காசும் கிடைக்கிறது, அதனால் படம் எடுக்க வராதீர்கள் என்று நாங்கள் சொல்லவே இல்லை. வந்தவர்கள் போட்டுவிட்டுப் போவதைப் பற்றித்தான் இந்த மனு.

போன முறை வாய்க்கால் மேட்டில் ஒரு யூனிட் கோயில் செட் போட்டது. தூண், கோபுரம் எல்லாம் பிளைவுட்டும் தெர்மாகோலும், மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு. வேலை முடிந்ததும் நல்ல சட்டங்களை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு மிச்சத்தை அங்கேயே இடித்துத் தள்ளினார்கள், தெர்மாகோலைக் குவித்துக் கொளுத்தியதில் கரும்புகை ஊருக்குள் வந்துவிட்டது. பிளாஸ்டர் கட்டிகள் வாய்க்காலில் சரிந்து படித்துறையெல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. அப்புறம் சேற்றுழவு ஓட்டினால் ஆணியோடு பிளைவுட் துண்டு மேலே வருகிறது. நாற்று நட வந்த அக்கா ஒருவருக்குக் காலில் ஏறி, ஊசி போட்டுக்கொண்டு ஒரு வாரம் கூலி இல்லாமல் வீட்டில் இருந்தார்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் விநாயகர் சிலையை நீர்நிலையில் கரைக்கக் கூடாது என்று சதுர்த்திக்குச் சதுர்த்தி அறிவிப்பு வருகிறது, நாங்களும் கேட்டு நடக்கிறோம். அதே பொருள் செட்டிலிருந்து வந்தால் மட்டும் வாய்க்காலில் கிடக்கலாமா? 2019 ஜனவரியிலிருந்து தடையில் இருக்கிற பிளாஸ்டிக் டம்ளரும் தெர்மாகோல் தட்டும் மூட்டை மூட்டையாக வரப்பில் கிடந்தன. நூறு பேருக்கு மேல் கூட்டினால் 3 வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு யூனிட்டில் நூறு பேருக்குக் குறைவாகவா வருகிறார்கள்?

நாங்கள் கேட்பது இதுதான். படப்பிடிப்பு அனுமதியோடு ஒரு வைப்புத்தொகை வாங்குங்கள். இடம் பழையபடி சுத்தமாக இருக்கிறது என்று ஊராட்சியும் நிலத்துக்காரரும் கையெழுத்துப் போட்ட பிறகே அதைத் திருப்பிக் கொடுங்கள். வாய்க்கால் கரையில் பிளாஸ்டர் செட்டுக்கு அனுமதியே வேண்டாம். இப்போது கிடப்பதை அடுத்த நடவுக்குத் தண்ணீர் திறப்பதற்குள் அள்ளச் சொல்லி, செலவை அந்தத் தயாரிப்புத் தரப்பிடமே வசூலிக்க உத்தரவிடுங்கள். போட்டோக்களை இணைத்திருக்கிறோம், அதிகாரிகள் நேரில் வந்தால் இடத்தையும் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தடப்பள்ளி வாய்க்கால் பாசன விவசாயிகள்