பிரிஜ் கதவில் ஒட்டியிருந்த தாளும் நீங்களும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றுக் காலை அம்மா வோக்கரைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுக் கிணற்றடி வரைக்கும் தானாக நடந்து போனார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "என்ன, கியூ குடுக்கப் போறியோ?" என்று கேட்டார். மூன்று மாதமாக எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்ட நன்றி மடல் இது. இனிமேலும் தள்ளினால் மரியாதை இல்லை.

உங்களில் ஒருவரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப்பேர் கூச்சத்தில் என்னோடு கதைக்க மாட்டீர்கள், மீதிப்பேர் ஏன் தங்கள் பெயர் இரண்டாவதாக வந்தது என்று கேட்பீர்கள். யார் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

என் வேலை என்னவென்று இன்னும் விளங்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஒழுங்கையிலேயே "நீ என்ன வேஷம் போடுறனி?" என்று கேட்கிற மாமிமார் இருக்கிறார்கள். நான் வேஷம் போடுவதில்லை. நான் ஸ்டேஜ் மனேஜர். பத்திரிகைத் தமிழில் மேடை முகாமையாளர். இருட்டில் ஒரு ஓரமாக நின்று, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, லைற் எப்போது மாற வேண்டும், எந்த வசனத்தின் எந்தச் சொல்லில் இசை எழ வேண்டும், யார் எந்தப் பக்கத்தால் எதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றெல்லாம் சொல்கிற ஆள். அப்படிக் கொடுக்கிற சைகைக்குப் பெயர்தான் கியூ. அத்தனையும் என் கொப்பியில் இருக்கும். நிரந்தர வேலையில்லை, மாதச் சம்பளம் இல்லை, கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும். ஒரு கிழமை யாழ்ப்பாணம், அடுத்தது மட்டக்களப்பு, பிறகு எங்கள் திருகோணமலையிலிருந்து 49ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்பு. நாடகத்தால் வயிறு நிறையாது. அரங்கேற்றமும் பாடசாலைப் பரிசளிப்பு விழாவும்தான் சோறு போடுகின்றன. பரிசளிப்பு விழா நடத்துவது நாடகத்தை விடக் கடினம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் நேரம் ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்கொள்ளும். திரை ஏறுவதற்கு 35 நிமிடத்துக்கு முன்பு நடிகர்களுக்கு நான் சொல்கிற வார்த்தை "அரை மணி". 35ஐ ஏன் அரை மணி என்கிறோம் என்றால், முதல் காட்சிக்காரர் திரைக்கு ஐந்து நிமிடத்துக்கு முன்பே இடத்தில் நிற்க வேண்டும், அந்த நேரத்திலிருந்துதான் எண்ணிக்கை. பிரித்தானிய அரங்குக்காரர் பழக்கிவிட்ட வழக்கம், நாங்களும் விடவில்லை. அந்த வியாதிதான் வீட்டுக்கும் வந்தது. வெளியூர் போகும்போதெல்லாம் மண்டபத்தின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதி பிரிஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போவேன். காட்சி நடக்கும்போது அம்மா போன் எடுத்து "சாப்பிட்டியோ" என்று கேட்கக்கூடாது என்பதற்காக ஒட்டியது அது.

மார்கழியில் நல்ல மழை. நான் யாழ்ப்பாணத்தில். ஆறரைக்குத் தொடங்கி எட்டு நாற்பதுக்கு முடிகிற நாடகம். ஏழேகால் போல அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். வாளி உருண்ட சத்தத்தை முதலில் கேட்டது பக்கத்து வீட்டு அக்கா. மழைச் சத்தத்துக்குள் ஒரு வாளிச் சத்தத்தைப் பிரித்தறிந்த காது அது. எங்கள் ஒலிக்காரரில் சிலருக்கு அந்தக் காது இல்லை.

அக்காவின் வீட்டு அண்ணா அம்மாவைத் தூக்கப் போயிருக்கிறார். சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிற அண்ணாதான் தடுத்திருக்கிறார்: "அசைக்காதேங்கோ, இடுப்பு எலும்பா இருக்கும், 1990க்கு அடியுங்கோ." ஓட்டோக்காரர் ஒருவர் தன் ஓட்டோ வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயமா? அதோடு நிற்காமல், எங்கள் ஒழுங்கையின் இலக்கங்கள் எந்த ஒழுங்கிலும் இல்லாதபடியால், குடையும் ரோச் லைற்றுமாகப் பிரதான வீதியில் போய் நின்று அம்புலன்ஸுக்கு வழி காட்டியிருக்கிறார். இருட்டில் ரோச்சைப் பிடித்து ஆட்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது என் வேலை, அண்ணா. அன்றைக்கு நீங்கள் செய்தீர்கள்.

அக்கா பிரிஜ் கதவைப் பார்த்திருக்கிறார். தாளை வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு, எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

எட்டே முக்காலுக்குத்தான் போன் வந்தது. "அம்மா ஆஸ்பத்திரியில. எக்ஸ்ரே எடுத்தாச்சு. உயிருக்கு ஒண்டுமில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வர வாகனம் இருக்கோ?" இந்த ஒழுங்கில், இந்த நாலு வசனம்.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். ஒன்றரை மணித்தியாலம் அம்மா வலியில் கிடக்க, நான் "லைற் 47, தயார்... கோ" என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். நடிகர்கள் ஒப்பனை கலைத்துக்கொண்டிருந்த அறை வாசலில் நின்று அக்காவைக் கத்தினேன். அவர் கத்தவில்லை. "நீ வந்து சேர ஐஞ்சு மணித்தியாலம் வேணும். ஏழேகாலுக்குச் சொல்லியிருந்தா நீ அங்க அழுதிருப்பாய், இஞ்ச ஒண்டும் மாறியிருக்காது" என்றார். அது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்போதும் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம், தேத்தண்ணியோடு. ஆனால் அக்கா, அந்த ஒன்றரை மணித்தியாலமும் அந்தப் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமந்தீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

லைற்கார அண்ணாவுக்கு அடுத்தது. செற்றைக் கழற்றுகிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வானை எடுத்து, வவுனியா போய், ஹொரவப்பொத்தானை வழியாக மழைக்குள் என்னைக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். யானை நிற்கும் என்று பயந்து ஊர்ந்து வந்த அந்த வீதியில் நீங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழி முழுக்க, இரண்டாம் காட்சியில் எரிந்துபோன ஒரு பல்பைப் பற்றியும் அதன் விலையைப் பற்றியுமே கதைத்தீர்கள். முதலில் "என்ன மனுசன் இவர்" என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான், வழியில் நான் ஒரு தடவையும் அழவில்லை என்பது உறைத்தது.

அடுத்த நாளும் அங்கே காட்சி இருந்தது. என் உதவிக்கு நிற்கிற தம்பிக்கு 22 வயது, அதுவரை தனியாக ஒரு முழு நாடகத்தையும் நடத்தியதில்லை. என் கொப்பியை வைத்து நடத்தினான். அன்று மாலை அவனிடமிருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி: "அக்கா, 63இல எழுதியிருக்கிறது வலமோ இடமோ, எழுத்து விளங்கேல்லை." வலம், தம்பி. அந்த ஒரு எழுத்துக்காக வெட்கப்பட்டேன். நல்ல கொப்பி என்றால், எழுதியவள் இல்லாமல் இன்னொருவர் அதைப் பார்த்து நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உனக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். 62 கியூவுக்கு உண்மையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். பக்கத்துக் கட்டிலில் தன் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த கிண்ணியா ராத்தா, நான் மருந்து வாங்கவும் குளிக்கவும் போன நேரமெல்லாம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினார். நான் ஊட்டும்போது அம்மா வேண்டாம் என்று தள்ளிய கஞ்சியை அவர் ஊட்டக் குடித்தார், அது தனிக் கதை. கந்தளாயிலிருந்து வேலைக்கு வருகிற நேர்ஸ் தங்கச்சி அம்மாவிடம் "வலிக்குதா", "மெதுவா" என்ற இரண்டு தமிழ்ச் சொல்லையும் கேட்டுப் படித்து, சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவை நடக்கப் பழக்கினார். இரண்டு சொல் போதுமாக இருந்தது.

தொழில் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் ஒரு குழுவுக்கு நான் வர முடியாது என்று சொன்னபோது, கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் "பிறகு ஒரு நாடகத்துக்குக் கழிப்பம்" என்றார்கள். இன்னொரு இடத்தில், செய்து முடித்த வேலைக்கான காசு இன்னும் வரவில்லை. சரி, இது நன்றி மடல், அதை விடுகிறேன்.

கடைசியாக, சாம்பல்தீவு மாமா. உங்களுக்கும் அந்த மார்கழி இரவுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நன்றி எழுத உட்கார்ந்தால் உங்களை விட்டு எழுத முடியாது. சின்ன வயதில் கரைவலைக் கயிற்றில் எனக்கு முடிச்சுப் பழக்கியது நீங்கள். நிலாவெளிக் கடற்கரையில் முதல் முதலாக நான் பொறுப்பெடுத்த நிகழ்ச்சியில் கச்சான் காற்று கறுப்புத் திரையைக் கம்பத்தோடு பிடுங்கியபோது, வலை இழுக்கிற ஆட்களோடு வந்து, உரப்பைகளில் மணலை நிரப்பிக் குழி தோண்டிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி நிமிர்த்தினீர்கள். மேடைக்குப் பின்னால் விசிலடிக்கக்கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. முந்திய காலத்தில் திரைக்கயிறு இழுக்கக் கப்பற்காரரைத்தான் பிடிப்பார்களாம், அவர்கள் விசிலால்தான் சைகை கொடுப்பார்களாம், தெரியாமல் யாராவது விசிலடித்தால் தலையில் திரை விழுமாம். இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்: "அப்ப நாங்கள் முந்தியே உங்கட தொழில்காரர்தான்." சத்திரசிகிச்சை முடிந்த கிழமை அரைக் கிலோ பாலைமீனைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போனதையும் பார்த்தேன்.

2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் இரவு நாடகத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மாற்றி வேப்பமரத்துக்குக் கீழே செய்ய இடம் தந்த அதிபருக்கும், கோட்டைப் பக்க ஒத்திகையில் எங்கள் காட்சிக்கு வைத்த கீரைக்கட்டையும் மாலையையும் தின்ற மானை விரட்ட ஓடிய கச்சான்கடை ஆச்சிக்கும் இதோடு சேர்த்து நன்றி. மான் திரும்பி வந்து மிச்சத்தையும் தின்றது, அது ஆச்சியின் பிழை இல்லை.

அடுத்த வியாழக்கிழமை மட்டக்களப்பு. முற்பணம் கழிக்கிற அந்த நாடகம்தான். அம்மா "போ, போ, வீட்ட நிண்டு என்ர காலை எண்ணாத" என்று சொல்லிவிட்டார், இரவில் துணைக்கு அக்காவின் மகள் வந்து படுப்பாள். நேற்றுப் பின்னேரம் புதுத் தாளை எழுதி ஒட்டினேன். அக்கா வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, "இடைவேளை எத்தனை மணிக்கு எண்டு எழுதேல்லையே" என்றார்.

முந்திய தாளிலும் நான் அதை எழுதியிருக்கவில்லை.

ஏழு முப்பத்தைந்து, அக்கா. பத்து நிமிடம். எழுதி ஒட்டிவிட்டேன்.