கை கால் நல்லாதானே இருக்குன்னு அனுப்பி வைக்கிற மெடிக்கல் போர்டு டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

எங்க அண்ணன் எலக்ட்ரீஷியன். பைக்ல போறப்ப விழுந்து தலைல அடி, ஹெல்மெட் போடல. மூளைல ரத்தக்கட்டு, மண்டை எலும்புல ஒரு துண்டை எடுத்து வயித்துத் தோலுக்கு அடியில வெச்சுத் தச்சு, வீக்கம் வத்தினதுக்கப்புறம் திரும்ப மாட்டி விட்டாங்க. முதல் 48 மணி நேரம், விபத்துல அடிபட்டவங்களுக்கு அரசாங்கமே செலவு பண்ற இன்னுயிர் காப்போம் திட்டத்துல பார்த்தாங்க, 2021 டிசம்பர்ல அந்த ஸ்கீம் வந்தது நிஜமாவே பெரிய விஷயம், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை, மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டு நாங்க வந்த உங்க ரூம்லதான். கையத் தூக்கச் சொன்னீங்க, தூக்குச்சு. நடக்கச் சொன்னீங்க, நடந்துச்சு. பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் டக் டக்னு சொல்லுச்சு. "நல்லாதானேம்மா இருக்காரு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அமைதியான ரூம்ல ஒருத்தர் ஒரு நேரத்துல ஒரே ஒரு கேள்வி கேட்டா அண்ணன் நல்லாதான் சார் இருக்கும்! வீட்டுல டிவி ஓடணும், குக்கர் விசில் அடிக்கணும், பாப்பா ஹோம்வொர்க்கைத் தூக்கிட்டு வரணும், அப்ப வந்து பாருங்க, ரெண்டு நிமிஷத்துல தட்டு பறக்கும், அரை மணி நேரம் கழிச்சு யாரு தட்டை எறிஞ்சதுன்னு அதுவே கேக்கும்.

ஸ்விட்ச் போர்டைக் கழட்டும், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கை பழக்கத்துல சரியா எடுக்கும், ஆனா எதுக்கப்புறம் எதுங்கிற வரிசை போயிடுச்சு, பாதியில விட்டுட்டு அடுத்த போர்டைத் திறக்கும். மெயினை ஆஃப் பண்ணுச்சான்னு அண்ணி ஓடிப் போய் பார்க்கணும். வாசனையும் தெரியாது, பால் அடிபிடிச்சு வீடே புகைஞ்சாலும் பக்கத்துலயே உக்காந்திருக்கும், கேஸ் லீக் ஆனா என்ன கதி? தையல் வேலைக்குப் போயிட்டிருந்த அண்ணி இப்ப வீட்டுலயேதான். சொந்தக்காரங்க கண்ணுல அண்ணன் குடிகாரன், அண்ணி ராசி இல்லாதவ (தாயத்து மட்டும் மூணு கட்டியாச்சு).

இதெல்லாம் உங்களுக்குப் புதுசா? 1848ல அமெரிக்காவுல ஃபினியஸ் கேஜ்ங்கிற ரயில்பாதை ஃபோர்மேன் தலைக்குள்ள கம்பி பாய்ஞ்சு, பொழச்சு, நடந்தாரு, பேசினாரு, ஆனா குணமே மாறிடுச்சுன்னு கூட இருந்தவங்க சொன்ன கேஸை நீங்க படிக்காமலா வந்திருப்பீங்க. மூளை குலுங்குறப்ப உள்ள நரம்பு இழைங்க அறுந்து போறது பல நேரம் சிடி ஸ்கேன்ல தெரியாதுன்னும் நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு, பார்க்கின்சன்ஸ் பேரு இருக்கு, தலைக்காயம்னு தனியா ஒரு வரி இல்ல. அதனால ஆர்த்தோ நியூரோவுக்கு அனுப்புறாரு, நியூரோ சைக்கியாட்ரிக்கு அனுப்புறாரு, ஒவ்வொரு இடத்துலயும் டோக்கன் போட்டு நாள் பூரா உக்காரணும், அந்த வெயிட்டிங் ஹால் சத்தத்துலயே அண்ணனுக்கு வெறி ஏறிடும், அதை மட்டும் எந்த டாக்டரும் வெளிய வந்து பார்க்கறதில்ல. சான்றிதழ்ல ஊனம் 40 சதவீதம்னு வந்தாத்தான் பாதி சலுகையே, எங்களுக்கு எங்க வரப்போகுது.

ஞாபகம், கவனம், திட்டம் போடறது இதையெல்லாம் அளக்க டெஸ்ட் இருக்கு, பெங்களூர் நிம்ஹான்ஸ்ல (மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி) நம்ம நாட்டு ஆளுங்களை வெச்சே 2004ல போட்ட டெஸ்ட் செட் இருக்கு. அதை எடுக்கத் தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட் ஒருத்தரை போர்டுல உக்கார வைங்க. கூட வந்தவங்களைத் தனியா கூப்பிட்டுக் கேளுங்க, அண்ணனை வெச்சுக்கிட்டு அண்ணியால எப்படிச் சொல்ல முடியும்? அண்ணன்கிட்ட கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்ல சார்"னுதான் சொல்லும், தனக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம இருக்கறதும் அந்த அடியோட வேலைதான்.

அது வரைக்கும் தயவுசெஞ்சு "குறைபாடு எதுவும் இல்லை"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. நீங்க எழுதின அந்த ஒத்த வரியைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் விபத்து இழப்பீடு கேஸ்ல ஜட்ஜ்கிட்ட காட்டிட்டு இருக்காரு.