நத்தைக்குப் பெயர் தேடித் தந்த கைகளுக்கு நன்றி

சுங்கை சிப்புட் பெரியோர்களுக்கும் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

மலாய் மொழியில் ‘சிப்புட்’ என்றால் நத்தை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நத்தையின் பெயர் தாங்கிய இந்த ஊரில் பிறந்த நான், நமது சுண்ணாம்புக்கல் குன்றில் வாழும் நத்தை இனங்களைப் பட்டியலிடும் ஆய்வை முடித்திருக்கிறேன். கட்டுரையில் என் பெயரும் பேராசிரியர் பெயரும் மட்டுமே இடம்பெறும் என்பதால், உழைத்த மற்றவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, ஆயுள் முழுதும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய தாத்தாவுக்கு. குன்றின் எந்த முகத்தில் வெயில் படாது, மழை விட்டபின் எத்தனை நாள் பாறை கசியும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தொடக்கத்தில் நான் பேனாவால் எழுதி, நத்தைகளைக் கெடாமல் வைக்கும் சாராயக் குப்பிகளுக்குள் இட்ட சீட்டுகளில் மை கரைந்துபோனது. எடுத்த இடம் தெரியாத மாதிரியால் ஆய்வுக்குப் பயனில்லை. தாத்தா ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல், அத்தனை இடங்களுக்கும் என்னை மறுபடி அழைத்துச் சென்றார். அன்றுமுதல் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

பாறையடி மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கினால், காற்று அடைபட்ட வெற்று ஓடுகள் மிதக்கும். அவற்றைச் சல்லடையில் அள்ளி, உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பல ஓடுகள் 2 மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. கோவில் மண்டபத்தில் முறத்தோடு வந்தமர்ந்த அக்காமார், அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண்களால் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இரவல் தந்த பூதக்கண்ணாடியின் கீழ் ஓர் ஓட்டினை வைத்து, “தம்பி, இதுக்கு மட்டும் வாய் இடப்பக்கம் இருக்கு, பாருங்க” என்றார். ஓட்டின் வாய் வலப்பக்கம் இருக்கும் வலஞ்சுழி இனத்திலும், அரிதாக வாய் இடப்பக்கம் அமைந்த இடஞ்சுழி பிறப்பதுண்டு என்பதால், ஒற்றை ஓட்டினை நம்பி எதையும் சொல்ல இயலாது. அடுத்தடுத்த வாளிகளில் மேலும் 11 கிடைத்த பிறகே அருங்காட்சியகத்தின் வகைமாதிரி (ஓர் இனத்துக்குப் பெயரிட அடிப்படையான மாதிரி) படங்களோடு ஒப்பிட்டோம்.

அது உலகுக்குப் புதிய இனம் அன்று; வேறொரு குன்றில் முன்பே அறியப்பட்டது, நம் குன்றில் இப்போதுதான் பதிவாகிறது. இதைச் சொன்னபோது சிலர் முகம் வாடியது. எனக்கோ இதுவே பெரிய செய்தி. ஓடு கட்டச் சுண்ணாம்பை நம்பியிருக்கும் இச்சிறு நத்தைகளால் இடையிலுள்ள சமவெளியை எளிதில் கடக்க முடியாது; ஆகவே ஒவ்வொரு குன்றும் அவற்றுக்கு ஒரு தீவு. இப்படித் தனித்த குன்றுகளில் விசித்திர வடிவங்களும் உண்டு: ஈப்போ அருகே குனோங் ராப்பாட் குன்றில் கிடைத்து 2008இல் பெயர் பெற்ற நத்தையின் ஓடு நான்கு அச்சுகளில் சுருண்டிருக்கிறது. பகாங் மாநிலத்தின் புக்கிட் பஞ்சிங் குன்று கல்லுடைப்பில் அழிந்தபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த நத்தை இனமும் உடன் அழிந்தது. ஓரிடத்தில் மட்டும் அறியப்பட்ட உயிருக்கு இரண்டாவது இருப்பிடம் தெரியவருவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

மண்டபம் தந்த கோவில் நிர்வாகத்தினருக்கும், வாளியும் காலிப் போத்தல்களும் கொடுத்த மளிகைக் கடை அண்ணனுக்கும், மண் மூட்டைகளை ஏற்றி வந்த லாரி அண்ணனுக்கும் என் நன்றி.

மாதிரிச் சீட்டில் இடம், நாள் ஆகியவற்றுக்குக் கீழே ‘சேகரித்தவர்’ என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் தாத்தாவின் பெயரையும் அக்காமார் பெயர்களையும் பென்சிலால் எழுதி, அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை