தண்ணி காட்டிய அம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

அப்பாவின் காரியம் முடிந்து இன்றோடு ஐந்து நாள். பந்தக்கால் நட்ட குழிகள் இன்னும் வாசலில் மூடாமல் கிடக்கின்றன. என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட நன்றி ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இந்த மடல்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நடுராத்திரியில் வேனை எடுத்து வந்து, டீசலுக்குக்கூடக் காசு வாங்க மறுத்த அண்ணனுக்கு. ரத்தம் கொடுக்கத் திருப்பூரிலிருந்து பைக்கில் வந்த எங்கள் கம்பெனிப் பையன்களுக்கு (அதில் இரண்டு பேர் பீகார்க்காரர்கள், அப்பாவை ஒருநாளும் பார்த்ததில்லை). ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த பங்காளிகளுக்கு. அம்மாவைத் தனியே விடாமல் முறைவைத்து வந்து உட்கார்ந்த பெரியம்மா, அத்தைமார்களுக்கு. எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த வீடுகளுக்கு, பூசாரி ஐயாவுக்கு, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் போட்டு எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன். எங்கள் ஊரில் அதைப் பத்து வருசம் பேசுவார்கள்.

இனி அந்த ஒன்று.

எங்கள் மாடுகள் கொறங்காட்டில் கிடப்பவை. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த மானாவாரி நிலம்தான் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கும், ஆடு மாடு தின்னும் காய்களுக்கும் வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்ப்பதற்கு ஆளே வேண்டாம். ராத்திரியும் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஆனால் தண்ணி காட்ட வேண்டும். (டவுனில் தண்ணி காட்டுவது என்றால் ஏமாற்றுவது. எங்களுக்கு அது மாடு குடிக்கத் தொட்டியை நிரப்பி வைப்பது. இரண்டுக்கும் எப்படி ஒரே பேச்சு வந்தது என்று அப்பா கேட்டுச் சிரிப்பார்.)

அப்பா விழுந்த அன்று மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. பண்ணையத்துக்கு வரும் ஆள் பார்த்துக்கொள்வார் என்று சித்தப்பா நினைத்தார். சித்தப்பா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டார். அம்மாவும் நானும் எதையுமே நினைக்கவில்லை. நாலாம் நாள் ராத்திரி, ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிப்பையை எதற்கோ துழாவினேன். அப்பாவின் வேட்டி மடிப்புக்குள் ஒரு சாவி தட்டுப்பட்டது. மோட்டார் ரூம் சாவி. இருப்பதே அந்த ஒரு சாவிதான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மோட்டார் ஓடாமல் தொட்டிக்குத் தண்ணி ஏது? வெயிலோ அந்த வெயில். ஐந்து உருப்படி, ஒரு கன்று.

விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் என்ன பார்க்கப் போகிறேனோ என்றுதான் இருந்தது. படலைத் திறந்தால், தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணி நிற்கிறது. மாடுகள் வேல மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன. தொட்டிக்கு அந்தப் பக்கம் வெள்ளாட்டுக்கார அம்மா, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

யாரென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் அவருக்கும் ஆகாது. கிளுவைச் சந்தில் அவர் ஆடுகள் நுழைந்து புல்லை மேய்ந்துவிட்டன என்று இரண்டு வருசத்துக்கு முன்னால் கோயில் வாசலில் வைத்தே அப்பா சத்தம் போட்டார். சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றும் வந்துவிட்டது. அதிலிருந்து எதிரெதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த அம்மாதான் அத்தனை நாளும் தண்ணி காட்டியிருக்கிறார். பஞ்சாயத்துக் குழாய் எங்கள் காட்டிலிருந்து முந்நூறு எட்டு இருக்கும். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணி விடுவார்கள். கோடையில் ஒரு மாடு நாளைக்கு 40 லிட்டராவது குடிக்கும். குடத்துக்கு 15 லிட்டர். அப்புறம் ஒரு ராத்திரி படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். 14 குடம் வருகிறது. நடைக்கு இரண்டு என்றாலும் ஏழு நடை. அறுபதைத் தாண்டியவர். அந்த ஒரு மணி நேரத்தில் தன் வீட்டுக்கும் ஆடுகளுக்கும் எப்போது பிடித்தார் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"ஏனுங்கம்மா, நீங்க எதுக்குங்க..." என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அவர் குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். "ராத்திரியெல்லாம் மாடு கத்துச்சு அம்மிணி, தூக்கமே புடிக்கல" என்றார். சும்மாட்டை உதறிக்கொண்டே, "உங்கய்யன் வாயி மோசந்தான். அதுக்கு மாடு என்ன பண்ணும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைச் சிரிக்க விட்டுவிட்டு அவர் அடுத்த நடைக்குப் போய்விட்டார். சாவி என் கையிலேயே இருந்தது. மோட்டாரைப் போட வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று சாயந்திரம் இதை அப்பாவிடம் சொன்னேன். கண் திறந்திருந்தார், பேச்சில்லை. காதில் விழுந்ததா தெரியாது. விழுந்திருந்தால் "தின்ன புல்லுக்குத் தண்ணியில கழிச்சுட்டா" என்றுதான் சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட மனுசன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகவே சொன்னீர்கள். வாய் மோசம் என்று சொன்னது அந்த அம்மா மட்டும்தான். அதனாலேயே மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து நம்புகிறேன். 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது நினைவிருக்கும். புல் வேரோடு கருகி, அக்கம்பக்கத்து மாடுகள் அடிமாட்டு லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது, அப்பா அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வைக்கோல் இறக்கினார். அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அடுத்த ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் அத்தனை கூட்டம். திருப்பூரில் எங்கே பார்த்தாலும் காங்கயம் காளை படம் போட்ட பனியன். ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, "கொம்பு தப்பா இருக்குது" என்று மடித்து வைத்தார்.

மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்த வருசம், வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் எல்லாம் வைத்து அம்மியில் அரைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பட்டி பட்டியாகப் போவார். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பட்டிக்கும் போனார். மாட்டோடு பேசிவிட்டு வருவார், வீட்டுக்காரர்களோடு பேசமாட்டார். அந்த அம்மா குடம் சுமந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது புரிகிறது. இந்த ஊரில் ஆளுக்கு ஆள் வம்பு உண்டு. ஆனால் யாரும் அதை மாட்டின் மேல் காட்டுவதில்லை.

சாமி விஷயத்திலும் அவர் கணக்கே வேறு. கிருத்திகை தவறாமல் சிவன்மலை ஏறுவார். இறங்கி வந்ததும் முருகனைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், பக்தர் கனவில் சாமி கேட்ட பொருளை வைக்கும் உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்வார். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குப் போனால் அம்மனைக் கும்பிட்டாரா, சந்தையில் மாடு பார்த்தாரா என்று அம்மா கேலி செய்வாள். இந்தச் சித்திரைக்குக் கால் வலி என்று போகவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பட்டிப் பொங்கலன்று மட்டும் அவர் குரல் ஊருக்கே கேட்கும்: "பட்டி பெருக, பால் பானை பொங்க..." வருகிற தை மாதம் அதை யார் சொல்வது என்று அம்மா நேற்று கேட்டாள். நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் குரல் கிடையாது.

மாடுகளை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஒற்றைப் பெண், திருப்பூருக்கும் ஊருக்கும் எப்படி அலைவாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டைச் சந்தைக்கு ஏற்றிவிடலாம் என்று உறவுகள் சொல்வது அக்கறையில்தான், கோபமில்லை. காட்டை என்ன விலைக்குத் தருகிறீர்கள் என்று பதின்மூன்றாம் நாளே ஒருவர் போன் செய்தார். அவர் மேல் கோபம் உண்டு. இந்த வருசம் மாட்டையும் விற்கவில்லை, காட்டையும் விற்கவில்லை. அதற்கு மேல் சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. கடைசியாகப் பிறந்த கன்று இன்னும் செவலையாகத்தான், சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகும், சாம்பல் நிறம். அதையாவது பார்த்துவிடுகிறேன்.

வெள்ளகோவிலில் சாவிக்கு இரண்டு நகல் போட்டேன். ஒன்று சித்தப்பா வீட்டில். இன்னொன்றை அந்த அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவே இல்லை. "கரண்டு சமாச்சாரமெல்லாம் எனக்கு ஆகாது அம்மிணி" என்றார். வேறு என்னதான் செய்யட்டும் என்று விடாமல் கேட்டதற்கு, "வேலங்காய வெளியாளுக்கு வித்துப்போடாத. பொறுக்கிக்கறேன்" என்றார்.

சரிங்க அம்மா. விற்கவில்லை. காய் உதிர ஆரம்பித்துவிட்டது, படலைச் சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறேன். ஆடுகளை வெளியே கட்டிவிட்டு வாங்க.