உங்கள் வெப்சைட்டை இனி முதலில் போனில்தான் காட்டுவோம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்று மட்டும் ஆளுக்கு ஆள் மாறாமல் வருகிறது: "ஆபீஸ் கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது. மச்சான் போனில் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறதே, என்ன ஆச்சு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதிக்கொண்டிருந்ததை இந்த மடலில் சேர்த்து எழுதிவிடுகிறோம். கூடவே ஒரு மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். இனி புதிதாகச் செய்யும் எந்த வெப்சைட்டின் மாதிரியையும் முதலில் போனில்தான் உங்களுக்குக் காட்டுவோம். அதை நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பெரிய திரைக்குப் போவோம்.

காரணம் எளிது. நீங்கள் ஒப்புதல் தருவது உங்கள் மேசையில் இருக்கும் மானிட்டரைப் பார்த்து. உங்களிடம் வாங்குபவர் பார்ப்பது கையில் இருக்கும் போனில். பெட்ஷீட் கடைக்கும் கொசுவலைக் கடைக்கும் இது பொருந்தும். பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு இன்னும் அதிகம் பொருந்தும். பஸ் முதலாளி ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனில்தான் மாடல் பார்க்கிறார்.

கொஞ்சம் பழைய கதை. திரைகள் எல்லாம் 800 × 600 பிக்சல் (திரைப் புள்ளி), பிறகு 1024 × 768 என்று இருந்த நாட்களில் வேலை சுலபம். 960 பிக்சல் அகலத்துக்கு ஒரு பக்கம் செய்து நடுவில் நிறுத்திவிட்டால் முடிந்தது. "இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 1024 × 768 அளவில் காணவும்" என்று அடியில் ஒரு வரியும் போட்டுவிடுவார்கள். கடைக்கு வருபவர் இன்ன உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று போர்டு வைத்தால் எப்படியிருக்கும், அப்படித்தான் அதுவும் இருந்தது. ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

2007இல் ஐபோன் வந்தபோது அன்றைய வெப்சைட்டுகள் எதுவுமே அந்தச் சின்னத் திரைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் ஆப்பிள் ஒரு உபாயம் செய்தது. போனின் பிரவுசர் தன் அகலம் 980 பிக்சல் என்று பாவனை செய்து முழுப் பக்கத்தையும் வரைந்து, பிறகு அதை அப்படியே சுருக்கிக் காட்டியது. இரண்டு விரலால் விரித்து விரித்துப் படித்தோமே, அது இதனால்தான். "பாவனை வேண்டாம், உன் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்" என்று பிரவுசருக்குச் சொல்ல, பக்கத்தின் தலையில் 'வியூபோர்ட்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாத பழைய தளங்கள் இன்றும் போனில் எறும்பு எழுத்தாகத்தான் தெரிகின்றன. உங்களில் சிலர் வேறு இடத்தில் செய்து எங்களிடம் கொண்டுவந்த தளங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்.

2010இல் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்று நாங்கள் செய்யும் முறைக்கு அதுதான் அடிப்படை. பழைய முறை பேண்ட் தைப்பது போல. ஓர் இடுப்பளவு, அதற்குமேல் கால் இஞ்ச் இளகாது. மார்காட் சொன்னது வேட்டி. யார் கட்டினாலும் அவரவர் இடுப்புக்குச் சுற்றிக்கொள்ளும். அகலங்களைப் பிக்சலில் சொல்லாமல் விகிதத்தில் சொல்வது, படங்கள் இடத்துக்கேற்பச் சுருங்குவது, திரை இன்ன அகலத்துக்குக் கீழே போனால் அருகருகே நிற்கும் மூன்று பத்தியை ஒரு பத்தியாக்கு என்று கட்டளை கொடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "என் போன் 1080 × 2400. என் பழைய மானிட்டரைவிட என் போனில் பிக்சல் அதிகம். பிறகு ஏன் குறுகலாகக் காட்டுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போன் பெட்டியில் போட்டிருப்பது திரையில் இருக்கும் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கை. வெப்சைட் பேசும் பிக்சல் வேறு. குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒரு பிக்சல் என்று போன் கணக்கு வைத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த 1080 புள்ளித் திரை எங்களுக்கு வெறும் 360 பிக்சல் அகலம்தான். இப்படிச் செய்யாவிட்டால் எழுத்தெல்லாம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகும். பெருக்கல் எண் மூன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2010இல் வந்த ஐபோன் 4இல் அது இரண்டு. 640 புள்ளிகள், 320 பிக்சல்.

இதனால் உங்களுக்கு நேரடியாக வரும் விளைவு போட்டோவில். 360 பிக்சல் அகலத்தில் ஒரு டவல் படம் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் அந்தப் போனுக்கு 1080 புள்ளி அகலப் படம் தேவை. இல்லாவிட்டால் நெசவு மழுங்கித் தெரியும். ஜக்கார்டு நெசவா, டாபி நெசவா என்றே புரியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ சுருக்கப்பட்டுத்தான் எங்களுக்கு வந்து சேர்கிறது. தயவுசெய்து 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். பெரிய படத்தைக் கொடுத்தால் தளம் மெதுவாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். ஒரே படத்தைப் பல அளவில் நாங்கள் செய்து வைப்போம். எது தேவையோ அதைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளும். பெரியதைச் சிறியதாக்கலாம், சிறியதைப் பெரியதாக்க எங்களிடம் வழியில்லை.

பிரவுசர் விஷயம் இப்போது முன்புபோல் அவ்வளவு மோசமில்லை. பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே ஓடி, பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் பெரும்பாலும் மூன்றுதான். குரோம், எட்ஜ், சாம்சங் இன்டர்நெட், ஓபரா, பிரேவ் எல்லாம் ஒரே எஞ்சின். சஃபாரிக்கு ஒன்று. ஃபயர்பாக்ஸுக்கு ஒன்று. எட்ஜ் 2020இல்தான் குரோம் பக்கம் வந்து சேர்ந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. அதற்கென்று தனியாக ஒரு நகல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். நம் ஊரில் ஐபோனில் குரோம் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின். "ஐபோனில் சஃபாரியிலும் பார்த்தேன், குரோமிலும் பார்த்தேன்" என்றால் ஒரே எஞ்சினை இரண்டு முறை பார்த்திருக்கிறீர்கள்.

பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அது உங்கள் பில் போடும் கம்ப்யூட்டர். நிறையக் கடைகளில் அது இன்னும் விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கு குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து புதுப்பிக்கப்படவில்லை. வெப்சைட் எழுத அதற்குப் பிறகு வந்த புதிய கட்டளைகள் அதற்குப் புரியாது. தெரியாத கட்டளையைப் பிரவுசர் சண்டை போடாமல் தாண்டிப்போகும் என்பதால் பக்கம் உடைந்து நிற்காது. ஆனால் ஓர் ஓரம், ஓர் இடைவெளி வேறுவிதமாகத் தெரியலாம். பில் போடும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது என்றால் அதை மாற்றச் சொல்ல நாங்கள் யார்? வெப்சைட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மட்டும் அந்த மெஷினை எடுக்காதீர்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். விலையும் போன் நம்பரும் ஆர்டர் ஃபார்மும் அதிலும் ஒழுங்காக வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வோம். அழகு முழுவதும் அதில் வரும் என்று உறுதி தர மாட்டோம்.

ஃபார்மில் இரண்டு மூன்று நுணுக்கங்கள் உண்டு. எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவான கட்டத்தைத் தொட்டால் ஐபோன் தானாகவே பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். அதனால்தான் கட்டங்களின் எழுத்து "கொஞ்சம் பெரிசா" இருக்கிறது. சின்னதாக்கச் சொல்லாதீர்கள். தேதிக் கட்டம் பார்ப்பவரின் பிரவுசர் மொழியைப் பொறுத்து வரிசை மாறும். அமெரிக்க பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மாதம் முதலில், நமக்கு நாள் முதலில். ஷிப்மென்ட் தேதியில் 03/04 என்று வந்தால் அது மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு மெயில் போட்டுக் கேட்க வேண்டும். ஏற்றுமதியாளர்களுக்கு மாதப் பெயரை எழுத்தில் தேர்ந்தெடுக்கும்படி செய்து தருகிறோம். முகப்புப் படத்தைத் "திரை முழுக்க" வையுங்கள் என்று கேட்பவர்களுக்கு: போனில் முகவரிப் பட்டை வருவதும் மறைவதுமாக இருப்பதால் திரை முழுக்க என்பதே நிலையான அளவு அல்ல. படத்தின் அடியில் இருக்கும் 'ஆர்டர் செய்ய' பட்டன் பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதற்கென்றே 2022 வாக்கில் புதிய அளவுமுறை ஒன்று பிரவுசர்களுக்கு வந்துவிட்டது, இருந்தும் பட்டனைப் படத்துக்கு மேலேயே வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

தமிழில் தளம் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை அவசியம் படியுங்கள். ஒரே வாக்கியம் இரண்டு கருவிகளில் இரண்டு எழுத்துருவில் வரும். விண்டோஸ் 7இல் லதா, விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம். ஒவ்வொன்றின் அகலமும் வேறு. ஒன்றில் ஒரே வரியில் அடங்கிய கடைப்பெயர் இன்னொன்றில் இரண்டு வரியாகும். எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பினால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வரும், பக்கத்தின் எடை கொஞ்சம் கூடும். தலைப்புகளுக்கு மட்டும் அப்படிச் செய்வதுதான் சிக்கனம்.

விலைக்கு வாங்கும் டெம்ப்ளேட்டுகள் (ஆயத்தப் பக்க வடிவங்கள்) ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 'கீ'யின் மேல் சுழியும் 'மூ'வின் கீழ் வளைவும் வெட்டுப்பட்டு நிற்கும், அல்லது அடுத்த வரியோடு ஒட்டிக்கொள்ளும். மெனுவில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் உட்கார்ந்த இடத்தில் 'எங்களைத் தொடர்புகொள்ள' உட்காராது. 'ஏற்றுமதித்தரமுள்ள' போன்ற நீளச் சொல்லை நடுவில் உடைக்க அனுமதி கொடுக்காவிட்டால் அது திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் ஆட வைக்கும். அதனால் தமிழ்த் தளங்களுக்கு வரி இடைவெளியைக் கூட்டியும், பட்டன்களுக்கு நிலையான அகலம் வைக்காமலும் செய்கிறோம். நோட்டீஸ் அடித்த பழைய பாமினி எழுத்துக் கோப்பை "இதையே போட்டுவிடுங்கள்" என்று தந்தால் அப்படியே போட முடியாது. அந்த எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றி, பிழை பார்த்துத்தான் ஏற்றுவோம். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும்.

சரி, எது குறை, எது நாங்கள் வேண்டுமென்றே செய்தது? அளவு, ஜிஎஸ்எம் (துணியின் எடை), நிறம், பேக்கிங், விலை என்று ஐந்து பத்தி அட்டவணை பெரிய திரையில் அட்டவணையாகவும் போனில் ஒவ்வொரு பொருளும் தனித்தனிக் கட்டமாகவும் வருவது வேண்டுமென்றே செய்தது. மெனு மூன்று கோட்டுக்குள் மடங்குவதும் அப்படித்தான். பக்கம் இடவலமாக ஆடினால் அது குறை. 320 பிக்சல் அகலத்திலும் ஆடக்கூடாது என்பது அணுகல்தன்மைக்கான (பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான) சர்வதேச விதி. 1280 அகலத் திரையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பவருக்கும் கிடைப்பது அதே 320தான். ஒரு பட்டனைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் திறந்தால் அதுவும் குறை. பெரியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் போனில் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், உடனே சொல்லுங்கள்.

"போனில் இவ்வளவு விவரம் எதற்கு, எடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு மட்டும் மறுப்புச் சொல்கிறோம். கூகுள் இப்போது தளங்களைப் போன் வடிவத்தில் படித்துத்தான் தேடலில் சேர்க்கிறது. அந்த மாற்றம் முடிந்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. போன் பக்கத்திலிருந்து எடுத்தது கூகுளிலிருந்தும் போனது மாதிரி. மடித்து வைக்கலாம், எடுக்க வேண்டாம்.

குறை கண்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு போனின் மாடலையும் எந்த பிரவுசர் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இன்ஸ்டாகிராம் அல்லது ஃபேஸ்புக்கில் லிங்கைத் தொட்டு வந்தீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆப்கள் பக்கத்தைத் தங்களுக்குள்ளேயே திறப்பதால் சில சமயம் ஃபைல் இணைப்பதோ டவுன்லோடோ முரண்டு பிடிக்கும். கம்ப்யூட்டர் திரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் எங்களால் எதையும் அளக்க முடியாது.

ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகும் ஏற்றுமதியாளர்கள் கேட்லாக் மாற்றங்களை நவம்பர் இறுதிக்குள் கொடுத்துவிடுங்கள். ஸ்டாலில் ஒட்டும் க்யூஆர் கோடை பையர் தன் போனில்தான் திறப்பார். அந்தப் பக்கத்தைப் பழைய போன்களிலும் எழுத்துப் பெரிதாக்கிய போன்களிலும் ஓட்டிப் பார்க்க எங்களுக்கு டிசம்பர் முழுவதும் வேண்டும்.

அன்புடன்,
வெப்சைட் வடிவமைப்புக் குழுவினர்
கரூர்